தீபாவளிச் சுத்தமும் என் ஏஞ்சல் மீன்களும்

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆனாலும் மீன் சாகிறது என்று பலர் சொல்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது.

2016, சென்னை. மூன்றடித் தொட்டி, ஏறக்குறைய 130 லிட்டர். நான்கு ஏஞ்சல், தொட்டியின் அடியில் மேயும் சின்னக் கெளுத்தி வகையான கோரிடோரஸ் ஆறு. எட்டு மாதமாக ஒரு மீன்கூடச் சாகவில்லை. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது கேனிஸ்டர் ஃபில்டரையும் (தொட்டிக்கு வெளியே இருந்து தண்ணீரை வடிகட்டும் மூடிய டப்பா) திறந்தேன். ஸ்பாஞ்சைப் பிழிந்தால் டீ மண்டி மாதிரிப் பழுப்பாகக் கசடு வந்தது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அதைக் கசக்கிக் கசக்கிக் கழுவினேன். அதற்குள் இருந்த செராமிக் வளையங்களை வெந்நீரில் அலசி மொட்டைமாடியில் காயவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், நான்கு ஏஞ்சலும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் சிவந்து கிடந்தது. மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியா எவ்வளவு என்று சோதனை செய்தேன். சோதனைக் குழாயில் மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர், மருந்துச் சொட்டு விட்ட சில நிமிடங்களில் கரும்பச்சை. எங்கள் தண்ணீரின் பிஹெச், அதாவது அமில-கார அளவு, 8. பிஹெச் 7 தண்ணீரில் இருப்பதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு அம்மோனியா அதில் நஞ்சாக மாறி நிற்கும். மாலைக்குள் இரண்டு போய்விட்டன.

மறுநாள் கொளத்தூருக்கு ஓடினேன். வழக்கமாக மீன் வாங்கும் கடைக்கார அண்ணன், "புது ஸ்பாஞ்ச் வேணாம் தம்பி, இத வெச்சுக்கோங்க" என்று தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த அழுக்கு ஸ்பாஞ்சை அப்படியே ஈரத்தோடு கவரில் போட்டுக் கொடுத்தார். நான் அருவருப்போடு கழுவி எறிந்த அதே பழுப்பு! அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்தக் கசடு படிந்த துளைகளில்தான் ஒட்டியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதை நான் பத்தே நிமிடத்தில் கொன்றிருக்கிறேன்.

தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினேன், ஆன்டி குளோரின் போட்ட தண்ணீர்தான். இரை பாதியானது. மூன்று வாரத்தில் தொட்டி நிலைக்கு வந்தது.

அப்புறம் டிசம்பர் 12, வர்தா புயல். கரண்டு போனது, நாலு நாள் வரவில்லை. மூடிய கேனிஸ்டருக்குள் ஓட்டமில்லாமல் தண்ணீர் நின்றால் சில மணி நேரத்தில் ஆக்ஸிஜன் தீரும், பாக்டீரியாவும் சாகத் தொடங்கும். அந்த நாற்றத் தண்ணீரோடு திரும்ப ஓட விட்டால் மொத்தமும் தொட்டிக்குள் கொட்டும். இந்த முறை அது தெரிந்திருந்தது. ஸ்பாஞ்சையும் வளையங்களையும் எடுத்து வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டேன். பக்கத்தில் பேட்டரி ஏர் பம்ப். இரவில் எழுந்து எழுந்து குமிழி வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இரை போடவே இல்லை. மீன்கள் தாங்கும், பயப்பட வேண்டாம்.

கரண்டு வந்ததும் கேனிஸ்டரில் தேங்கியதைக் கீழே ஊற்றினேன். தொட்டியிலிருந்தே ஒரு வாளி தண்ணீர் பிடித்து, ஸ்பாஞ்சை அதில் லேசாக இரண்டு தடவை மட்டும் அமுக்கி எடுத்து மாட்டினேன். இன்றுவரை அப்படித்தான் கழுவுகிறேன். ஸ்பாஞ்சையும் வளையங்களையும் ஒரே நாளில் தொடுவதில்லை.

இரண்டு நாள் விட்டு அம்மோனியா பார்த்தேன். மஞ்சள்தான்.