சிங்கிங் இன் த ரெயின்: முதல் தடவை பார்த்த அனுபவம் சொல்லுங்கள்

கல்லூரி ஃபிலிம் கிளப்பில் இந்த ஹாலிவுட் இசைப்படத்தைப் பார்த்தேன். குடையும் மழையுமாக நாயகன் ஜீன் கெல்லி ஆடுவதை யூடியூபில் ஏற்கெனவே பார்த்திருந்ததால் அதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் அசத்தியவர் நாயகனின் நண்பனாக வரும் டொனால்ட் ஓ'கானர். 'மேக் எம் லாஃப்' பாட்டில் துணிப் பொம்மையோடு கட்டிப் புரள்கிறார், சுவரில் ஓடி ஏறிக் குட்டிக்கரணம் போடுகிறார். இரண்டு சுவர் தாங்குகிறது, மூன்றாவதைப் பிய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் விழுகிறார். தலை முதல் கால் வரை தெரிகிற மாதிரியே படம்பிடித்திருக்கிறார்கள். இப்போதைய பாட்டுகளில் காலை எங்கே காட்டுகிறார்கள்?

*

நான் அம்மாவோடு பார்த்தேன். அம்மா பரதம் சொல்லிக்கொடுப்பவர். 'குட் மார்னிங்' பாட்டில் அவர் கெல்லியைப் பார்க்கவே இல்லை, நாயகி டெபி ரெனால்ட்ஸ் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பொண்ணு மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே ஆடுது" என்றார். படப்பிடிப்பின்போது டெபிக்கு 19 வயது, முறையாக நடனம் கற்றவரில்லை. அந்தப் பாட்டை எடுத்து முடித்தபோது காலில் ரத்தம் வந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

இன்னொரு வேடிக்கை. கதையில் கீச்சுக் குரல் நடிகை லீனாவுக்கு டெபி குரல் கொடுக்கிறார் அல்லவா? வசனத்தை டப் செய்கிற காட்சியில் நாம் கேட்பது லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல்! 'வுட் யூ' பாட்டுக்கோ பெட்டி நோயஸ் என்ற பாடகி. டப்பிங்கைக் கிண்டலடிக்கிற படத்திலேயே இத்தனை டப்பிங்.

*

மேலே இருவரும் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். எனக்கு ஆச்சரியம் ஆஸ்கர்தான். 1952இல் வந்த இந்தப் படத்துக்கு இரண்டு பரிந்துரையோடு சரி, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய வருடப் படமான 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' சிறந்த படம் உட்பட அள்ளிக்கொண்டு போனது. அதிலும் நாயகன் இதே கெல்லிதான். இது நன்றாக ஓடியும், அண்ணன் நிழலில் நின்ற தம்பி கதையாகிவிட்டது. 2006இல் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் போட்ட இசைப்படப் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான்.

இரண்டையும் ஒரே வாரக் கடைசியில் பார்த்தேன். பாரிஸ் படத்தின் கடைசி பாலேயில் கொட்டாவி வந்தது. இதிலும் பிராட்வே நடனப் பகுதி கதையை நிறுத்திவைத்துவிட்டு நீளத்தான் செய்கிறது. ஆனால் அதில் ஆடும் நடிகை சிட் சாரிஸ் காலை நீட்ட, அந்த நுனியில் கெல்லியின் தொப்பி தொங்கும் இடம் வருவதால் ஓட்டிவிட மனசு வராது.