வீவக வீட்டில் நள்ளிரவு டப்: எந்த ஆல்பம்?

கேள்வி – ஈசூன்வாசி
சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு 10.30க்கு மேல் ஒலியைக் குறைத்தாக வேண்டும். குறைத்தால் பேஸ் (தாழ்ந்த சுர ஒலி) போய்விடுகிறது, எதிரொலிதான் மிச்சம். தாழ்ந்த ஒலியிலும் நிற்கிற டப் (குரலைக் குறைத்து பேஸ், டிரம், எதிரொலியை முன்னிறுத்தும் ரெகே வடிவம்), ரெகே ஆல்பங்கள் எவை?

மெலடிகா
முதலில் அகஸ்டஸ் பாப்லோவின் 'ஈஸ்ட் ஆஃப் த ரிவர் நைல்'. மெட்டை மெலடிகா (ஊதி வாசிக்கும் சிறு கீபோர்டு) தாங்குகிறது. அது நடு அதிர்வெண்களில் ஒலிப்பதால் ஒலி குறைந்தாலும் பாட்டு உதிராது. எல்லாரும் சொல்லும் 'கிங் டப்பிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' (1976) பெரிய வேலைதான், ஆனால் தூங்கப்போகும் நேரத்துக்கு அல்ல. அதைக் கலவை செய்த கிங் டப்பி பாடகரின் குரலைப் பாதிச் சொல்லிலேயே வெட்டுவார், திடீரென டிரம்மை எதிரொலியில் எறிவார். கண்ணயர்ந்தவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்!

பேஸ்பெட்டி
ஆல்பத்தை மாற்றுமுன் அமைப்பைப் பாருங்கள். ஒலி குறையக் குறைய நம் காது முதலில் கைவிடுவது தாழ்ந்த சுரங்களைத்தான். ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3, 4 டெசிபல் ஏற்றினால் போதும். அதற்கு மேல் போனால் சின்ன ஸ்பீக்கர் குழறும். பேஸ் கித்தாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். கைப்பேசி ஸ்பீக்கரில் அதைத் தேடவே வேண்டாம்.

ஸ்பீக்கரைத் தரையில் வைக்காதீர்கள், அதிர்வு கான்கிரீட் வழியாக நேரே கீழ்வீட்டுக்குப் போகும். அடியில் தடித்த ரப்பர் வைத்தால் கொஞ்சம் குறையும், நிற்காது. சுவரை ஒட்டி உட்கார்ந்தாலும் பேஸ் கும்மென்று பொங்கும், நாற்காலியை ஒரு மீட்டர் முன்னால் இழுங்கள். நிஜத் தீர்வு காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன்தான். மூக்குக்கண்ணாடிக் காம்பு மெத்தைக்கு இடையில் புகுந்தால் அந்த இடுக்கிலேயே பேஸ் ஒழுகிவிடும். கழற்றிவிட்டுக் கேளுங்கள்.

நாலுதடம்
குரல் வேண்டுமென்றால் தி காங்கோஸ், 'ஹார்ட் ஆஃப் த காங்கோஸ்' (1977). ஜமைக்காத் தயாரிப்பாளர் லீ பெர்ரி தம் பிளாக் ஆர்க் ஒலிக்கூடத்தில் 4 தட டேப்பில் பதிந்தது. தடம் தீர்ந்ததும் பதிந்ததையெல்லாம் சேர்த்து மறுபடி பதிவார். அந்த மங்கலும் இரைச்சலும் அப்படி வந்தவை, உங்கள் கருவியின் கோளாறு இல்லை. உச்சசுரத்தைக் குறைத்து அதைத் துடைக்கப் பார்த்தால் ஹை-ஹாட்டும் (டிரம்மோடு வரும் ஜோடித் தட்டு) செத்துவிடும்.

பர்னிங் ஸ்பியரின் 'மார்கஸ் கார்வி' (1975) கேட்ட கையோடு அதன் டப் வடிவமான 'கார்வீஸ் கோஸ்ட்' (1976) போடுங்கள். குரல் எங்கே காணாமல்போனது என்று தெரிந்தால்தான் அந்த வெற்றிடம் ருசிக்கும்.

ஈசூன்வாசி
நன்றி. ஷஃபிள் போடலாமா?

மெலடிகா
வேண்டாம். ஒரு பாட்டின் முடிவில் அடுத்ததைக் கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பாட்டின் எதிரொலி வால் அடங்குமுன் அடுத்த டிரம் வேறு வேகத்தில் மேலே ஏறி உட்காரும்.