ஹிராக் பாரம் உயிரைக் காக்குமா, அலுவலகத்தைக் காக்குமா?

சேற்றுநண்டு:
பினாங்கில் ஒரு கல்லூரியில் உயிரியல் எடுக்கிறேன். எது என்று கேட்காதீர்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை பாலிக் பூலாவ் பக்கம் சதுப்புநிலக் காட்டுக்குக் கூட்டிப் போக அனுமதி கேட்டால், முதலில் ஹிராக் (HIRARC) பாரத்தை, அதாவது என்ன ஆபத்து வரலாம், எவ்வளவு, எப்படித் தடுப்பது என்று எழுதும் பாரத்தை நிரப்பு என்கிறார்கள். நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, விளைவின் கடுமைக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்க வேண்டும், 15 வந்தாலே சிவப்பு. பாம்பு கடித்து ஓர் உயிர் போகலாம், அதற்குக் கடுமை 4. வாய்ப்புக்கும் 4 போட்டால் 16, பயணம் ரத்து. 3 போட்டால் 12, மஞ்சள், போய் வாருங்கள் என்று கையெழுத்து. நான் ஓர் எண்ணைக் குறைத்ததும் பாம்புக்குப் பல் விழுந்துவிடுமா? இதற்காகவே பல பேர் களப்பணியை விட்டுவிட்டு வகுப்பிலேயே வீடியோ போட்டுக் காட்டுகிறார்கள்.

லேப்_அண்ணன்:
மிஸ், கோபம் புரிகிறது, ஆனால் இது அலுவலகத்தின் விளையாட்டு இல்லை. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் திருத்தி, 2024 ஜூன் 1 முதல் அமல்படுத்திவிட்டார்கள். அபாய மதிப்பீடு இப்போது முதலாளியின் சட்டக் கடமை, அபராத உச்சவரம்பு 50 ஆயிரம் ரிங்கிட்டிலிருந்து 5 லட்சத்துக்குப் போயிருக்கிறது. அப்புறம், வாய்ச்சொல்லை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். வெடிக்கும் சேர்மத்தை 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யாதே என்று பேச்சளவில் ஒரு வரம்பு இருந்தது, முறையாக எழுதி வைக்கவில்லை. 2010 ஜனவரியில் மாணவர்கள் 10 கிராம் செய்தார்கள். நூறு மடங்கு! உரலில் இடிக்கும்போது வெடித்து ஒருவருக்கு மூன்று விரல் போனது, கண்ணிலும் காயம்.

சேற்றுநண்டு:
அண்ணே, லேப் ஓரிடத்தில் நிற்கும், கடல் நிற்காது. பினாங்கில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். காலை 9 மணிக்கு வற்றம் என்று பார்த்து நாள் குறிக்கிறேன். அனுமதி வரத் தாமதமாகிறது, பயணத்தை ஒரு வாரம் தள்ளு என்கிறார்கள். ஏழு நாளில் ஆறு மணி நேரம் நகர்ந்துவிடும், அதே 9 மணிக்குத் தண்ணீர் ஏறி நிற்கும். பாரத்தில் தேதியை மட்டும் அடித்துத் திருத்திவிட்டு அதே எண்ணோடு அனுப்புகிறார்கள். அபாயத்தைக் கொண்டு வந்ததே அந்தக் கையெழுத்துதானே.

மூன்றாம்_ஆண்டு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும் மிஸ். மாணவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், இரண்டு பேருக்கும் பிடிக்காது. அந்தப் பாரத்தை எங்கள் யாருக்குமே காட்டியதில்லை. ஒரு தடவை கேட்டு வாங்கிப் பார்த்தால், சதுப்புநிலத்துக்குத் தலைக்கவசமும் இரும்பு முனை வைத்த ஷூவும் போட்டிருந்தது, ஏதோ கல்குவாரிப் பயணத்துக்கு எழுதியதை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஷூவோடு முழங்கால் ஆழச் சேற்றில் இறங்கிப் பார்த்தால் தெரியும், கால் வரும், ஷூ வராது. முதலுதவிப் பெட்டி உண்டா என்ற கட்டத்தில் டிக் இருந்தது. பெட்டியில் பிளாஸ்டரும் மஞ்சள் மருந்தும்தான். பினாங்குக் கடலில் பெட்டி ஜெல்லி மீன் என்ற விஷ ஜெல்லி மீன் உண்டு, அது கொட்டினால் வினிகர் ஊற்ற வேண்டும், நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. வினிகர் பாட்டில் எங்கே? இன்னொன்று, பஸ் திரும்பியதும் பாரத்தின் வேலை முடிந்துவிடுகிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், சேற்றிலிருந்து தொற்றும் எலிக் காய்ச்சல் வெளியே தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும். 2010இல் பகாங் லுபுக் யூவில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களுக்கே அந்தக் காய்ச்சலும் மண்ணிலிருந்து வரும் இன்னொரு தொற்றும் வந்து உயிர்கள் போயின. காய்ச்சல் வந்தால் சேற்றில் நின்றதை டாக்டரிடம் சொல் என்று ஒரு வரி எழுத என்ன செலவு?

லேப்_அண்ணன்:
தம்பி சொல்வது சரி, ஆனால் இதெல்லாம் பாரத்தை மோசமாக நிரப்பியவர்கள் மேல் உள்ள குற்றம். மணி போடாமல் “வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்” என்று எழுதுங்கள் மிஸ், தேதி மாறினாலும் தப்பாது. போய் வந்ததும் என்ன வித்தியாசமாக நடந்தது என்று பாரத்திலேயே சேருங்கள், அடுத்த பேட்ச் ஒட்டினாலும் நல்லதையே ஒட்டும்.

சேற்றுநண்டு:
எழுதலாம். ஆனால் இடி இடிக்கிறது, திரும்பலாம் என்று அங்கேயே முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு? பஸ்ஸுக்குக் கட்டிய காசு வீண் என்று அப்புறம் விளக்கக் கடிதம் கேட்பார்களே. அந்தக் கட்டம் பாரத்தில் இல்லை அண்ணே, நான் தேடிவிட்டேன்.

லேப்_அண்ணன்:
இல்லாவிட்டால் கையால் கோடு போட்டுச் சேருங்கள். உங்கள் பெயர், உதவிக்கு வருபவர் பெயர், இருவரில் ஒருவர் சொன்னாலே திரும்புவது.

சேற்றுநண்டு:
சேர்த்து அனுப்புகிறேன். அழித்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் இங்கேயே போடுவேன், அப்போதும் பாரத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா பார்ப்போம்.

லேப்_அண்ணன்:
வாங்குவேன் மிஸ். அழித்தவர் கையெழுத்தும் அதில்தானே இருக்கும்.