என் சம்சாரம் பி.ஏ. படிச்சவ, அதனால தங்கச்சிக்கு முதல் பட்டதாரி சான்று கிடையாதாம். இது சரியா?

கச்சான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம், கடற்கரை ஊர். ஊர்ப் பேரைப் போடல, இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

அப்பா விசைப்படகுல பங்குக்குப் போறவர். நானும் அதே வேலைதான், பத்தாவதோட நிறுத்திட்டேன். அம்மா ஏலக்கடையில மீன் எடுத்து விக்கிறாங்க. தங்கச்சி இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிருக்கா, நல்ல மார்க். ஊர்லயே அரசு உதவி பெறும் பள்ளியில ஆறாவதுல இருந்து தமிழ் வழியில படிச்சா. இப்போதைக்கு அரசு கலைக் கல்லூரியில பி.எஸ்சி. சேர்த்துட்டோம். பொறியியல் கலந்தாய்வுக்கும் போட்டிருக்கு. அந்த விண்ணப்பத்துல முதல் பட்டதாரி கட்டணச் சலுகை வேணும்னு டிக் பண்ணியாச்சு, சான்றிதழ் மட்டும் இன்னும் ஏத்தல.

இ-சேவையில போட்டது திரும்பி வந்துருச்சு. காரணம் கேட்டா, ரேஷன் கார்டுல ஒரு பட்டதாரி இருக்காங்களாம். அது என் சம்சாரம். பரமக்குடியில பி.ஏ. முடிச்சவ, கல்யாணம் ஆகி வந்ததும் எங்க கார்டுல பேர் சேர்த்தோம். தாத்தா பாட்டி காலத்துல இருந்து எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச ஆள் கிடையாது. மருமகளா வந்தவ படிச்சிருந்தா தங்கச்சிக்குச் சலுகை போயிருமா?

இன்னொண்ணு. அரசு கல்லூரியில ஃபீஸ் இல்லைன்னாங்க. சேர்க்கும்போது பணம் வாங்கினாங்களே, அது ஏன்? தடைக்காலம் இப்பத்தான் முடிஞ்சிருக்கு, கையில ஒண்ணும் இல்லை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உச்சிப்புளி இ-சேவை

தம்பி, பதறாதீங்க. இது வாரத்துக்கு ஒண்ணு எங்க கடைக்கு வர்ற கேஸ்.

முதல் பட்டதாரிங்கிறதுக்குக் குடும்பம்னு எடுக்கிறது மாணவியோட அப்பா, அம்மா, ரெண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவங்க. அண்ணி அதுல வரமாட்டாங்க. ஆனா விஏஓ பார்க்கிறது ரேஷன் கார்டை. அதுல ‘மருமகள்’னு போட்டிருந்தாலும் படிச்ச ஆள் ஒருத்தர் இருக்காங்கன்னு விசாரணையில தெரிஞ்சா சிலர் யோசிக்காம திருப்பிருவாங்க.

முதல்ல ஸ்டேட்டஸைச் சரியாப் பாருங்க. ‘திருப்பி அனுப்பப்பட்டது’ன்னு இருந்தா அதே விண்ணப்ப எண்ணுல ஆவணம் சேர்த்து மறுபடி அனுப்பலாம். ‘நிராகரிக்கப்பட்டது’ன்னு இருந்தா புதுசாத்தான் போடணும், திரும்ப 60 ரூபாய். சேவை எண் ஆர்இவி 104. பக்கத்துல இருக்கிற 103 வருமானச் சான்று. அவசரத்துல அதைப் போட்டுட்டு வந்து நிக்கிறவங்களும் உண்டு.

மறுபடி போடும்போது உங்க திருமணப் பதிவுச் சான்றையும், சம்சாரத்தோட டிசியையும் சேர்த்து ஏத்துங்க. டிசியில அவங்க அப்பா பேர் இருக்கும். அவங்க வேற குடும்பத்துப் பிள்ளைங்கிறதுக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். உங்க டிசி, படிக்கிற தம்பி தங்கச்சி இருந்தா அவங்க படிப்புச் சான்று, கூட்டு உறுதிமொழி எல்லாம் வழக்கம்போல.

கச்சான்

அண்ணே, ஸ்டேட்டஸ்ல ‘திருப்பி அனுப்பப்பட்டது’ன்னுதான் இருக்கு. குறிப்புல “குடும்ப அட்டையில் பட்டதாரி உள்ளார்” அவ்வளவுதான். கார்டைத் தனியாப் பிரிச்சுட்டா வேலை முடிஞ்சிருமா?

உச்சிப்புளி இ-சேவை

அதுக்காகக் கார்டைப் பிரிக்காதீங்க. பேர் நீக்கி, புதுக் கார்டு வந்து சேர்றதுக்குள்ள கலந்தாய்வே முடிஞ்சிரும். விஏஓவை நேர்ல பாருங்க, அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க. அவர் பரிந்துரை ஆர்ஐக்கு (வருவாய் ஆய்வாளர்) போகும், கையெழுத்து போடுறது மண்டலத் துணை வட்டாட்சியர். விஏஓ கேக்கலைன்னா தாலுகா ஆபீஸ்ல அவரையே பார்த்து, மருமகள் கணக்குல வரமாட்டாங்கன்னு எழுதிக் கொடுங்க. அங்கயும் நடக்கலைன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு. பெரும்பாலும் அதுவரை போகாது.

மரைக்காயர் பட்டினம்

இவ்வளவு அலைச்சல் எதுக்கு? 7.5 சதவீதத்துல போட்டா பீஸ், ஹாஸ்டல் எல்லாமே கவர்மென்ட் கட்டுதே. முதல் பட்டதாரியே தேவையில்லை.

பரமக்குடி வாத்தியார்

அது அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மட்டும். முதலில் 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை, சட்டப் படிப்புகளுக்கு நீட்டினார்கள். அதில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. நம் கடற்கரையில் பாதி ஊரில் இருப்பதே சபை நடத்தும் உதவி பெறும் பள்ளிதான். ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு கொடுப்பதால் பெற்றோர் அதையும் அரசுப் பள்ளி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். கலந்தாய்வுக்கு வந்து நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அப்படி.

கச்சான் தம்பி, வீட்டில் இன்னும் படிக்கிற பிள்ளைகள் உண்டா?

கச்சான்

உண்டு சார். கடைசித் தம்பி ஒன்பதாவது. அவன் மட்டும் அரசுப் பள்ளி, ஆறாவதுல இருந்து. பத்தாவது முடிச்சதும் தங்கச்சி படிச்ச ஸ்கூல்லயே பதினொண்ணு சேர்க்கலாம்னு இருக்கோம். அங்க ரிசல்ட் நல்லா இருக்கு.

பரமக்குடி வாத்தியார்

தயவுசெய்து செய்யாதீர்கள். அவனை எங்கே இருக்கிறானோ அங்கேயே பன்னிரண்டு வரை விடுங்கள்.

முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். தங்கை அதை எடுத்துக்கொண்டால் தம்பிக்கு அந்த வழி அடைபட்டது. அவனுக்கு மிச்சம் இருக்கும் பெரிய வழி இந்த 7.5 சதவீதம். இரண்டு வருடத்துக்குப் பள்ளி மாற்றினால் அதுவும் போய்விடும். ரிசல்ட் குறைவாக இருந்தால் மாலையில் டியூஷன் வைத்துக்கொள்ளலாம், அரசுப் பள்ளியில் படித்தேன் என்ற சான்றைப் பின்னால் வாங்க முடியாது. மாற்றிவிட்டு வந்து கேட்ட பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன், பதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

முதல் பட்டதாரிச் சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது, சாதி வேறுபாடும் கிடையாது. 2010-11 கல்வியாண்டில் ஆரம்பித்தபோதே அப்படித்தான். படகு வைத்திருப்பவர் பிள்ளைக்கும் உண்டு, அந்தப் படகில் பங்குக்குப் போகிறவர் பிள்ளைக்கும் உண்டு. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டுச் சான்றிதழை நீட்டினால் செல்லாது.

அலுவலக எழுத்தர்

பி.எஸ்சி. கட்டணம் பற்றி யாரும் சொல்லலையே. நான் ஒரு கல்லூரி அலுவலகத்துல வேலை பார்க்கிறேன், எந்தக் கல்லூரின்னு வேண்டாம்.

அரசு கலைக் கல்லூரியில இளநிலைக்குக் கல்விக் கட்டணம் எடுத்துப் பல வருஷம் ஆச்சு. நீங்க கட்டினது கல்விக் கட்டணமா இருக்காது. ரசீதை எடுத்து வரி வரியாப் படிங்க. சிறப்புக் கட்டணம், நூலகம், விளையாட்டு, பல்கலைக்கழகப் பதிவு, அடையாள அட்டை இப்படித்தான் இருக்கும். அப்புறம் செமஸ்டருக்குச் செமஸ்டர் தேர்வுக் கட்டணம் வரும். ‘ஃபீஸ் இல்லை’ன்னு சொல்றவங்க சொல்றது அந்த ஒரு வரியை மட்டும். பொறியியல்லயும் இதே கதைதான், முதல் பட்டதாரின்னா கல்விக் கட்டண வரிதான் கழியும், மத்தது நீங்க கட்டணும். இது தெரியாம சேர்க்கை அன்னைக்கு வெறுங்கையோட வந்து, கவுன்டர்ல சண்டை போடுறவங்க வருஷா வருஷம் உண்டு.

பி.எஸ்சி.யிலேயே தொடர்ந்தா முதல் பட்டதாரி சான்றுக்கு அங்க வேலையே இல்லை. அது தொழிற்படிப்புக்கு உள்ளது.

பொறியியல் இடம் கிடைச்சு மாறுறதா இருந்தா டிசி, ஒரிஜினல் வாங்கும்போதே யுமிஸ் தளத்துல (கல்லூரி மாணவர் விவரம் பதியிற அரசுத் தளம்) இருந்து பேரையும் எடுக்கச் சொல்லுங்க. பேர் பழைய கல்லூரியிலேயே கிடந்தா புதுக் கல்லூரியில உதவித்தொகை, புதுமைப்பெண் திட்டத்துல மாணவிகளுக்கு வர்ற மாசப் பணம் எதுவும் நகராது. தங்கச்சியோட எமிஸ் எண்ணைக் (பள்ளிக் கல்வித் துறைத் தளத்துல இருக்கிற மாணவர் எண்) கையில வச்சுக்குங்க, பள்ளியில கேட்டா குடுப்பாங்க.

ஏர்வாடி அம்மா

இடையில ஒரு சந்தேகம். புதுமைப்பெண் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தானே? அவங்க தங்கச்சி உதவி பெறும் பள்ளின்னு சொன்னாரே.

அலுவலக எழுத்தர்

அக்கா, 2022 செப்டம்பர்ல தொடங்கும்போது அப்படித்தான் இருந்துச்சு. 2024 டிசம்பர் கடைசியில உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்ச பிள்ளைகளுக்கும் நீட்டிட்டாங்க. உதவி பெறும் பள்ளியில ஆங்கில வழின்னா கிடையாது. மாசம் 1,000 ரூபாய், படிப்பு முடியிற வரைக்கும். வேற உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் உண்டு. பையன்களுக்கு 2024 ஆகஸ்ட்ல வந்தது தமிழ்ப் புதல்வன், அதே 1,000.

ஏர்வாடி அம்மா

என் மக இங்கிலீஷ் மீடியம். சரி, போகட்டும்.

தொண்டி சாலை

ஆதிதிராவிடர் பிள்ளைகள் யாராவது இதைப் படிச்சா: நமக்கு வழி வேற, முதல் பட்டதாரியை நம்பி இருக்க வேண்டாம். போஸ்ட் மெட்ரிக் (பத்தாவதுக்கு மேல படிக்கிறவங்களுக்கான) உதவித்தொகை, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள. மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களுக்கும் மாநில அரசு தருது. தனியார் கல்லூரின்னா கட்டணச் சலுகைக்கு 2012-ல வந்த அரசாணை 92-ஐக் கேளுங்க. ஒண்ணு கவனம், மத்திய அரசுப் பங்கு இப்ப நேரா மாணவர் கணக்குக்கு வருது. வீட்டுல கடனை அடைச்சுட்டு அப்புறம் கல்லூரி கேக்கும்போது முழிக்கக் கூடாது, அதுக்குள்ள இருக்கிறது கல்லூரிக்குப் போக வேண்டிய பணம்.

பரமக்குடி வாத்தியார்

கச்சான் தம்பிக்கு இன்னும் இரண்டு விஷயம். அப்பா, அம்மா மீனவர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் பிள்ளைகள் படிப்புக்கு வாரியமும் உதவி தருகிறது, மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். தடைக்கால நிவாரணம் வாங்குகிற வீட்டில்கூட இதைக் கேட்டு வாங்குவதில்லை. இரண்டாவது, ஊரிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வர முடியாவிட்டால் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிக்கு எழுதிப் போடுங்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம். பையன்களுக்கு வீடு எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும், பெண் பிள்ளைகளுக்கு அந்தத் தூரக் கணக்கு இல்லை. அதற்கு வருமானச் சான்று வேண்டும், அதையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

கச்சான்

எல்லாருக்கும் நன்றி. அப்பாவும் நானும் விஏஓவைப் பார்த்தோம். சம்சாரத்தோட டிசியைக் காட்டினதும் “இதை முதல்லயே வச்சிருக்கலாமே”ன்னாரு. மறுபடி அனுப்பி, சான்றிதழ் வந்துருச்சு. கலந்தாய்வுத் தளத்துல ஏத்தியாச்சு, சரிபார்த்துட்டாங்க. தம்பியை ஸ்கூல் மாத்துறதில்லைன்னும் முடிவு. அம்மாதான் கொஞ்சம் முணுமுணுத்தாங்க.

வருமானச் சான்றுலதான் அடுத்த இழுபறி. பங்குக்குப் போறவருக்கு மாச வருமானம் என்னன்னு கேட்டா நான் என்ன சொல்ல? ஒரு நாள் டீசல் காசே வராது, ஒரு நாள் இறால் பட்டா தலைக்கு ஆயிரக்கணக்குல வரும்.

இன்னொரு சந்தேகம். தங்கச்சிக்கு ஸ்கூல்ல இருக்கும்போது தொடங்கின பேங்க் கணக்கு இருக்கு. அதுக்கே புதுமைப்பெண் பணம் வருமா?

உச்சிப்புளி இ-சேவை

வருமானத்தைப் போன வருஷத்துக்குச் சேர்த்துச் சொல்லுங்க. தடைக்காலம், கடலுக்குப் போக டோக்கன் குடுக்காத நாள், காத்து அடிச்சு கரையில நின்ன நாள் எல்லாம் கழிச்சு அப்பா கணக்கு சொன்னா விஏஓவுக்குத் தெரியும், அவர் பார்க்காத கடலா? அம்மா மீன் விக்கிற வருமானத்தையும் மறைக்காம சொல்லுங்க, சேர்த்தாலும் விடுதிக்கான வருமான வரம்பைத் தாண்டுமான்னு பாருங்க.

கணக்கு இருந்தா மட்டும் பத்தாது, அதுல ஆதார் இணைஞ்சிருக்கணும். ரெண்டு மூணு கணக்கு இருந்தா கடைசியா எதுல ஆதார் இணைச்சாங்களோ அங்கதான் பணம் போய் விழும். ஆதார்ல ஒரு மாதிரி, பாஸ்புக்ல ஒரு மாதிரி பேர் இருந்தா அதையும் முதல்ல சரி பண்ணுங்க, நம்ம பக்கம் ஞானஸ்நானப் பேரு ஒண்ணு, வீட்டுப் பேரு ஒண்ணுன்னு இருக்கும். ஸ்கூல் கணக்கு ரொம்ப நாள் வரவு செலவு இல்லாம கிடந்தா முடங்கியிருக்கும். பேங்குக்குத் தங்கச்சியையே கூட்டிட்டுப் போங்க, விரல்ரேகை வைக்கணும். ஆதார் ஒரிஜினலும் ஒரு போட்டோவும் எடுத்துக்கிட்டா ஒரே நடையில முடிஞ்சிரும்.