சிங்கிள் பேஸ் ஜெனரேட்டர்ல மூணு பேஸ் இன்வர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏற மாட்டேங்குது, உதவி தேவை

கேள்வி (தோப்பு வீடு, அலங்காநல்லூர்):
5 கேவிஏ இன்வர்ட்டர் மூணு, பேஸுக்கு ஒண்ணா ஆர், ஒய், பி-னு சேர்த்து ஓடுது. பேட்டரி 48 வோல்ட் லித்தியம், 200 ஏஎச் (ஆம்பியர்-மணி) ரெண்டு பேரலல்ல. லோடு வீடு, மாட்டுக்கொட்டகை, 5 ஹெச்பி போர் மோட்டார். ஐப்பசி, கார்த்திகை மழைல பேனல் சரியா தர்றதில்ல, மெயின் கரண்டும் போயிடுது. கையில இருக்கிறது 5 கேவிஏ சிங்கிள் பேஸ் ஜெனரேட்டர். அதை ஆர் இன்புட்ல மட்டும் கொடுத்தா இன்வர்ட்டர் எடுக்கல. மூணு இன்புட்டையும் ஜம்பர் போட்டு ஒண்ணாக்கிப் பார்த்தேன், அப்பவும் பேஸ் ஃபால்ட் காட்டுது. ஜெனரேட்டர்ல 232 வோல்ட், 51 ஹெர்ட்ஸ் வருது. என்ன செய்யலாம்?

பதில் (வயர்மேன், மேலூர்):
தம்பி, முதல்ல அந்த ஜம்பரைக் கழட்டுங்க. மூணு பேஸ்னா ஒண்ணுக்கொண்ணு 120 டிகிரி தள்ளி வரணும். மல்டிமீட்டரை ஆர்-ஒய் நடுவுல வைங்க. மெயின்ல 400 வோல்ட்டுக்குப் பக்கமா காட்டும், ஜம்பர் போட்டா பூஜ்யம் காட்டும். இன்வர்ட்டர் அதைப் பார்த்துத்தான் மறுக்குது, அதுல கோளாறு இல்ல. ஏதாவது ஒரு மாடல் ஏமாந்து எடுத்துக்கிட்டாலும் மோட்டாருக்கு வோல்டேஜே போகாது. நியூட்ரல்ல மூணு பேஸ் கரண்டும் கழியாம கூடி ஓடும்.

பதில் (சோலார் வேலை, வாடிப்பட்டி):
ஆர்-க்கு மட்டும் கொடுத்து ஏத்த சில மாடல்ல செட்டிங் உண்டு. இருந்தாலும் நான் சொல்ல மாட்டேன். ஆர் இன்வர்ட்டர் மட்டும்தான் சார்ஜ் செய்யும், மத்த ரெண்டும் அதே பேட்டரில இருந்து எடுத்து ஒய், பி லோடை ஓட்டும். அதோட, மூணும் ஜெனரேட்டர் ஃப்ரீக்வென்சி பின்னாடியே போகணும். லோடு ஏறி இறங்கும்போது ஜெனரேட்டர் தடுமாறுச்சுன்னா இன்புட் விட்டு விட்டுப் பிடிக்கும்.

சரியான வழி தனி சார்ஜர். ஜெனரேட்டர் சார்ஜருக்கு, சார்ஜர் நேரா பேட்டரி பஸ் பாருக்கு (பேட்டரி வயரெல்லாம் சேர்ற செம்புப் பட்டை). இன்வர்ட்டர் பக்கம் ஜெனரேட்டர் வயர் ஒண்ணுகூடப் போகக்கூடாது. ஜெனரேட்டர் நியூட்ரலையும் வீட்டு நியூட்ரலோட சேர்க்காதீங்க.

கணக்கு: 50 ஆம்பியர் சார்ஜர், 55.2 வோல்ட்ல 2,760 வாட். 90 சதவீத எஃபிஷியன்சினா ஏசில 3,070 வாட் இழுக்கும். பவர் ஃபேக்டர் (இழுக்கிற விஏ-ல எவ்வளவு நிஜ வாட்டுங்கிற விகிதம்) கரெக்ஷன் உள்ள சார்ஜர்னா 13.5 ஆம்பியரோட முடிஞ்சது. அது இல்லாத மலிவு சார்ஜர்ல பவர் ஃபேக்டர் 0.7 அளவுக்கு இறங்கும். அதே வேலைக்கு 4.4 கேவிஏ, 19 ஆம்பியர். 5 கேவிஏ ஜெனரேட்டர் திணறும், வோல்டேஜ் அலை கெடும். கொஞ்சம் விலை கூடினாலும் கரெக்ஷன் உள்ளதையே வாங்குங்க.

செட்டிங்: 16 செல் லித்தியம்னா சார்ஜ் 55.2 வோல்ட், ஃப்ளோட் (நிறைஞ்ச பிறகு பிடிச்சு வைக்கிற வோல்டேஜ்) 54. ஈக்வலைஸ் (லெட்-ஆசிட் பேட்டரிக்கு வோல்டேஜைக் கூட்டி ஏத்துற மோடு) கட்டாயம் ஆஃப். தனி சார்ஜருக்கும் பிஎம்எஸ்-க்கும் (பேட்டரியைக் காக்கிற உள் போர்டு) பேச்சு இருக்காது, அதனால வோல்டேஜை இதுக்கு மேல ஏத்தாதீங்க. பேனல் சார்ஜும் இதுவும் சேர்ந்து பிஎம்எஸ் அனுமதிக்கிற ஆம்பியரைத் தாண்டக்கூடாது.

வயர் 16 ஸ்கொயர் எம்எம் காப்பர், பாசிட்டிவ்ல பஸ் பாரை ஒட்டி 63 ஆம்பியர் டிசி ஃபியூஸ். ஏசி எம்சிபி போடாதீங்க. லித்தியம் ஷார்ட்ல ஆயிரக்கணக்கான ஆம்பியர் வரும், டிசி ஆர்க்கை அது அணைக்காது.

கேள்வி (தோப்பு வீடு):
விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாத்துற டிரைவ்) போட்டு சிங்கிள் பேஸை மூணு பேஸ் ஆக்கி இன்வர்ட்டருக்கே கொடுக்கலாமான்னு ஒருத்தர் சொன்னார்ணே.

பதில் (வயர்மேன், மேலூர்):
வேண்டாம். விஎஃப்டி மோட்டாருக்கு உண்டானது. அதுல வர்றது துண்டுதுண்டான பல்ஸ், சைன் அலை இல்ல, நியூட்ரலும் கிடையாது. இன்வர்ட்டர் இன்புட் போர்டு போயிடும்.

எவ்வளவு நேரம் ஓட்டணும்னும் பார்த்துக்கங்க. 20 சதவீதத்துல இருந்து 80 வரை 240 ஏஎச். லோடே இல்லன்னா 50 ஆம்பியர்ல 5 மணி நேரம். வீடு 1 கிலோவாட் எடுத்தா 20 ஆம்பியர் அதுக்கே போயிடும், மிச்சம் 30-ல 8 மணி நேரம் ஆகும். 5 ஹெச்பி மோட்டார் 90, 100 ஆம்பியர் கேட்கும். அதை ஓட்டினா சார்ஜர் இருந்தும் பேட்டரி இறங்கும். பேட்டரி தேறின பிறகு தண்ணி பாய்ச்சுங்க.

ஜெனரேட்டரை 2, 3 நிமிஷம் வெறுமனே ஓடவிட்டு அப்புறம் சார்ஜர் சுவிட்சைப் போடுங்க. நிறுத்தும்போது சார்ஜர் முதல்ல.

கேள்வி (தோப்பு வீடு):
கரெக்ஷன் உள்ள 50 ஆம்பியர் சார்ஜர் மாட்டியாச்சு. ஏசில 13 ஆம்பியர் இழுக்குது, ஜெனரேட்டர் 226 வோல்ட்ல நிக்குது. ஆனா பேட்டரி மானிட்டர் சார்ஜ் ஏறுறதாவே காட்டல, மைனஸ் 12 ஆம்பியர்னே நிக்குது.

பதில் (சோலார் வேலை, வாடிப்பட்டி):
சார்ஜர் நெகட்டிவ் ஷண்ட்டுக்கு (நெகட்டிவ் வயர்ல மானிட்டருக்காகக் கரண்டை அளக்கிற துண்டு) எந்தப் பக்கம்? பேட்டரி பக்கம் போட்டிருந்தா அந்தக் கரண்ட் ஷண்ட் வழியா போகாது, மானிட்டர் கணக்குல வராது. இன்வர்ட்டர் நெகட்டிவ் வர்ற பக்கத்துக்கு மாத்துங்க. சார்ஜரை ஆஃப் பண்ணி, டிசி ஃபியூஸை எடுத்துட்டு மாத்தணும்.

பதில் (தோப்பு வீடு):
ஆமாண்ணே, பேட்டரி பக்கம்தான் இருந்துச்சு. மாத்திட்டேன், இப்ப பிளஸ் 38 காட்டுது.