வீரவநல்லூர் வீடு (குடும்பக் குழு): அத்தையின் சாமான்கள்

கோமதி (கிள்ளான், மலேசியா): எல்லோருக்கும் வணக்கம். பகவதி அத்தைக்குப் பதினாறு முடிந்துவிட்டது. வீட்டுக்காரர் 31ஆம் தேதிக்குள் காலி செய்யச் சொல்கிறார். துணிமணியைக் கோவிலில் கொடுத்துவிட்டேன். மிச்சம் இருப்பது ஊஞ்சல் பலகை, சங்கிலி நான்கு, பித்தளை அண்டா, தகரப் பெட்டி, கண்ணாடி பீரோ. ஊருக்கு அனுப்ப வேண்டுமா, இங்கேயே கொடுத்துவிடவா?

செல்லம் அத்தை: ஊஞ்சல் வர வேண்டும்

செல்லம் அத்தை: அது எங்க அப்பா பலகை

இசக்கி: கன்டெய்னரில் போட்டு அனுப்பு அக்கா

வள்ளி: கோமதி, அத்தை படத்துக்கு மாலை போட்டாச்சா? ஒரு படம் அனுப்பு

கோமதி: போட்டாச்சு மதினி. ராத்திரி அனுப்புகிறேன். கன்டெய்னருக்கு இரண்டு ஏஜென்ட்டிடம் கேட்டேன். ஒருவர் தூத்துக்குடிக்குக் கடல் கூலி சிபிஎம்முக்கு 3,000 ரூபாய்தான் என்கிறார். இன்னொருவர் வீடு வரைக்கும் எல்லாம் சேர்த்து 48,000 என்கிறார்.

கண்ணன்: 3,000 எங்கே, 48,000 எங்கே. முதல் ஆளிடமே கொடு

கண்ணன்: 48,000க்கு இங்கே புதுத் தேக்கிலேயே ஊஞ்சல் செய்துவிடலாம்

செல்லம் அத்தை: புதுசு யார் கேட்டா கண்ணா

சங்கரன் மாமா: கோமதி, யாரிடமும் இன்னும் சரி என்று சொல்லாதே. தூத்துக்குடியில் சுங்கத்திலிருந்து சரக்கை விடுவிக்கும் கிளியரிங் ஆபீசில் 31 வருடம் இருந்தவன் சொல்கிறேன். முதலில் சாமானின் அளவைப் பார். 20 அடி கன்டெய்னருக்குள் கிட்டத்தட்ட 33 கன மீட்டர் இடம் இருக்கும். நம் சாமான் மொத்தமும் 2 சொச்சம்தான் வரும். முழு கன்டெய்னர் நமக்கு வேண்டாம். பலருடைய சரக்கை ஒரே பெட்டியில் சேர்த்து ஏற்றுவார்களே, எல்சிஎல், அதில் போடலாம். அதற்குக் கன மீட்டர் கணக்கு, அதைத்தான் சிபிஎம் என்கிறார்கள். 1 கன மீட்டரா, 1,000 கிலோவா, எது கூடுதலோ அதற்குக் கூலி. நம்முடையது கனம் குறைவு, இடம்தான் கூடுதல். ஆகவே டேப் எடுத்து அள. பலகை, அண்டா, பெட்டி, பீரோ நான்குக்கும் நீளம் அகலம் உயரம் அனுப்பு.

இசக்கி: 👍

சண்முகம் சித்தப்பா: பலகை வந்தால் எங்கே மாட்டுவீர்கள்? தார்சா (முன்கூடம்) என் பங்கில் இருக்கிறது. அதை யாராவது யோசித்தீர்களா

வள்ளி: கோவில் கொடை வரி இன்னும் நான்கு வீடு தரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கணக்கு முடிக்க வேண்டுமாம்

கண்ணன்: நான் போன வாரமே அனுப்பினேன்

வள்ளி: உங்களைச் சொல்லவில்லை

கோமதி: மாமா, அளந்துவிட்டேன். பலகையைச் சட்டத்தோடு கட்டினால் 2 மீட்டர், 90 செ.மீ., 20 செ.மீ. அண்டா மூன்று பக்கமும் 60. பெட்டி 90, 50, 50. பீரோ 2 மீட்டர், 1.20, 60.

சங்கரன் மாமா: பலகை 0.36. அண்டா 0.216. பெட்டி 0.225. மூன்றும் சேர்ந்து 0.8. பீரோ மட்டும் 1.44! பீரோவை விட்டால் எல்லாம் 1 கன மீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்குக் குறைந்தாலும் 1க்கு உள்ள கூலியைத்தான் வாங்குவார்கள், ஆகவே மிச்ச இடத்தில் அத்தையின் குத்துவிளக்கையும் பாத்திரங்களையும் போடலாம். சங்கிலியை அண்டாவுக்குள் வை.

செல்லம் அத்தை: பீரோவும் அக்கா ஆசையா வாங்கினதுதான்

சங்கரன் மாமா: இப்போது அந்த 3,000. கடல் கூலி என்பது மொத்தச் செலவில் ஒரு துண்டு. இந்தத் தொழிலில் நான் கண்டது இது: கடல் கூலி குறைவு, சில சமயம் இலவசம் என்றுகூடச் சொல்வார்கள். அந்தப் பணத்தை இறங்கும் துறைமுகத்தில் வசூல் செய்வார்கள். டெர்மினல் கட்டணம், சிஎஃப்எஸ் என்கிற கன்டெய்னர் கிடங்கில் பெட்டியைப் பிரிக்கும் கூலி, டெலிவரி ஆர்டர் (சரக்கை எடுக்க அனுமதிச் சீட்டு) கட்டணம், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) கட்டணம், அப்புறம் எடுக்கத் தாமதமானால் நாள் கணக்கில் வாடகை. அதைக் கட்டாமல் சாமான் வெளியே வராது. அந்த நேரத்தில் பேரம் பேச நம் கையில் எதுவும் இருக்காது. பேரமெல்லாம் ஏற்றுவதற்கு முன்னால்தான். அந்த முதல் ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: தூத்துக்குடியில் நான் கட்ட வேண்டியது எவ்வளவு? எழுத்தில் வாங்கு.

கோமதி: சரி மாமா

இசக்கி: மாமா, கிள்ளானிலிருந்து நேரே தூத்துக்குடியா?

சங்கரன் மாமா: நேராகவும் வரலாம், கொழும்பில் இறக்கி வேறு கப்பலில் மாற்றியும் வரலாம். பெரிய தாய்க் கப்பல்கள் கொழும்புக்கு வரும், அங்கிருந்து சின்னக் கப்பலில் இங்கே கொண்டுவருவார்கள். மாற்றினால் நாளும் கூடும், கையாளும் கூலியும் கூடும். அதையும் கேட்டுக்கொள் கோமதி.

கண்ணன்: செங்கடல் பிரச்சினையால்தான் கூலி ஏறியது என்றார்களே. கிள்ளானுக்கும் செங்கடலுக்கும் என்ன சம்பந்தம்

சங்கரன் மாமா: நல்ல கேள்வி கண்ணா. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. ஒரு நடைக்குக் கூடுதல் நாட்கள் என்றால் அதே சரக்குக்குக் கூடுதல் கப்பல்களும் பெட்டிகளும் வேண்டும். அவற்றை எங்கிருந்து எடுப்பார்கள்? மற்ற வழிகளிலிருந்துதான். 2024 நடுவில் சிங்கப்பூரிலும் கிள்ளானிலும் கப்பல்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. கொரோனா சமயத்திலும் இதே கதைதான். காலிப் பெட்டிகள் தேவையில்லாத நாட்டில் முடங்கிக் கிடந்தன. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் 6 நாள் குறுக்கே நின்றதும் சேர்ந்துகொண்டது. கடல் ஒன்றுதான், ஒரு மூலையில் அடைத்தால் இன்னொரு மூலையில் கூலி ஏறும்.

செல்லம் அத்தை: சாப்பிடக் கூப்பிட்டால் வராமல் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறார்

வள்ளி: 😄

சங்கரன் மாமா: இதோ வருகிறேன். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். குறைந்த கூலி என்றாலே எனக்கு வ.உ.சி.தான் நினைவுக்கு வருவார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். அந்தப் போட்டி, அப்புறம் 1908இல் சிறை, எல்லாம் சேர்ந்து கம்பெனி மூழ்கியது. இன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர். அந்த வாசல் வழியாக 31 வருடம் வேலைக்குப் போனவன் நான், அதனால் சொல்கிறேன்.

இசக்கி: 🙏

சண்முகம் சித்தப்பா: அப்பா அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டு போன நாளிலிருந்து அம்மா தார்சாவில் உட்காரவே இல்லை. அடுக்களைப் படியில்தான் உட்காருவாள். உங்களுக்கெல்லாம் தெரியாது

செல்லம் அத்தை: எனக்குத் தெரியும் தம்பி

கோமதி: தாத்தா எதற்காக எடுத்துப் போனார் அத்தை? இங்கே யாருக்கும் தெரியவில்லை

செல்லம் அத்தை: நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறினார். மேல்தட்டுப் பயணம், படுக்க இடம் கிடையாது. இந்தப் பலகையை விரித்து அதன்மேல் பத்தமடைப் பாயைப் போட்டுப் படுத்தே பினாங்கு வரைக்கும் போனாராம். அப்புறம் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கினார். இப்போது நீ இருக்கிற கிள்ளான் துறைமுகம்தான் அது. பகவதி அக்கா போனது எம்.வி. சிதம்பரம் கப்பலில். 1985இல் அது தீப்பிடித்த அப்புறம் கப்பலில் ஆள் போவதே நின்றுவிட்டது

கோமதி: பலகையில் ஒரு ஓரம் தேய்ந்திருக்கிறது அத்தை. தலை வைத்த பக்கமாக இருக்குமோ

செல்லம் அத்தை: இருக்கும்

கண்ணன்: சரி சரி, செலவை எப்படிப் பிரிப்பது? ஆளுக்கு எவ்வளவு?

சண்முகம் சித்தப்பா: நான் ஒன்றும் கேட்கவில்லையே

கோமதி: மாமா, முதல் ஏஜென்ட் பட்டியல் அனுப்பிவிட்டார். கடல் கூலி 3,000. கிள்ளான் பக்கம் 12,500. தூத்துக்குடி பக்கம் 24,000. கிளியரிங்கும் லாரியும் தனியாக 14,000.

சங்கரன் மாமா: கூட்டு. 53,500. இரண்டாவது ஆள் சொன்ன 48,000 குறைவு. அவரிடமும் அந்த 48,000க்குள் தூத்துக்குடிச் செலவு, லாரி எல்லாம் அடக்கம் என்று எழுதி வாங்கு.

கண்ணன்: சரி மாமா, நான் அவசரப்பட்டுவிட்டேன்

சங்கரன் மாமா: இன்னும் இரண்டு விஷயம். கோலாலம்பூரில் இந்தியத் தூதரகம் (ஹை கமிஷன்) இருக்கிறது. சாமான் இறந்துபோன அத்தையுடையது என்று அங்கே சான்றிதழ் வாங்கு. இறந்தவர் புழங்கிய வீட்டுச் சாமானுக்கு அந்தச் சான்றிதழ் இருந்தால் சுங்க வரி கிடையாது. இறப்புச் சான்றிதழ், சாமான் பட்டியல் இரண்டையும் கொண்டு போ. வாங்கிய அப்புறம் ஏற்று, முந்தி ஏற்றாதே. அடுத்தது, பலகையைக் கட்டும் மரச்சட்டம். அதில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்க வேண்டும். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தோ மருந்துப் புகை போட்டோ பூச்சியைக் கொன்ற அடையாளம் அது. முத்திரை இல்லாத மரத்தில் கட்டினால் இங்கே நிறுத்திவிடுவார்கள்.

கோமதி: பிள்ளைகளுக்கு நான்கு டின் மைலோ வைக்கலாமா?

சங்கரன் மாமா: வேண்டாம் அம்மா. புதுப் பொருள் ஒன்று இருந்தாலும் முழுப் பட்டியலையும் சந்தேகப்படுவார்கள்.

இசக்கி: நீ வரும்போது கையில் கொண்டு வா அக்கா

வள்ளி: பீரோவுக்கு என்ன முடிவு?

செல்லம் அத்தை: கண்ணாடியை மட்டும் கழற்றி வைக்க முடியுமா கோமதி

கோமதி: தச்சரைக் கேட்டுப் பார்க்கிறேன். உடையாமல் வருமா தெரியவில்லை

கண்ணன்: நான் 10,000 தருகிறேன். மிச்சத்தை அப்புறம் பேசுவோம்

வள்ளி: கொடை வரி கொடுக்காதவர்கள் பெயரை இங்கே போடவா, தனியாகக் கேட்கவா?

இசக்கி: தனியாகக் கேளுங்கள் மதினி

சண்முகம் சித்தப்பா: (படம்)

இசக்கி: அப்பா தார்சாவில் ஏணி போட்டு ஏறி நிற்கிறார்!

சண்முகம் சித்தப்பா: உத்திரத்து வளையம் இரண்டும் அப்படியே இருக்கிறது. துரு மட்டும் பிடித்திருக்கிறது. வளையத்துக்கு வளையம் 5 அடி 2 அங்குலம். பலகையில் சங்கிலி மாட்டும் ஓட்டைக்கு ஓட்டை எவ்வளவு கோமதி?

செல்லம் அத்தை: ஏணியை யாராவது பிடித்துக்கொள்ளுங்கள்

கோமதி: பலகையைச் சுவரோடு சாய்த்துக் கட்டி வைத்திருக்கிறேன் சித்தப்பா. இங்கே மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. விடிந்ததும் அவிழ்த்து அளந்து சொல்கிறேன்.