இடர்நேர்வு மதிப்பீடா, இடர்க்கணிப்பா?

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

வேலையில் என்ன ஆபத்து வரலாம், அதை எப்படித் தடுப்பது என்று வேலை தொடங்குமுன் ஒப்பந்தகாரர் எழுதித் தரவேண்டிய படிவத்துக்கு (risk assessment) "இடர்நேர்வு மதிப்பீடு" என்று ஐயா சொல்லியிருந்தார். மத்திய வங்கி அறிக்கைகளில் புழங்கும் சொல்தான். என் தயக்கம் மதிப்பீட்டில். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு மேசனுக்கு மதிப்பீடு என்றால் காசுக் கணக்கு. வீதியோரத் திட்டப் பலகையிலும் "மதிப்பீட்டுத் தொகை" என்றே இருக்கும். படிவத்தைக் கையில் கொடுத்தால் சீமெந்தும் கூலியும் எழுதும் இடத்தைத்தான் தேடுவார். "இடர்க்கணிப்பு" என்று வைப்போம்.

படிவத்துக்குள் அபாயத்தையும் (hazard) இடரையும் (risk) பிரித்தே ஆகவேண்டும். மண்ணுக்குள் மிதிவெடி கிடப்பது அபாயம். அந்தக் காணிக்குள் யார் நடக்கிறார்கள், அகப்பட எவ்வளவு வாய்ப்பு, அகப்பட்டால் என்ன ஆகும் என்பது இடர். வன்னியில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கிணறு இறைத்துத் துப்பரவாக்கும் வேலையை எடுங்கள். மேலே வைத்த பம்ப் ஏழெட்டு மீற்றருக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்சாது. அதனால் ஆழக் கிணற்றில் பெற்றோல் பம்பையே கயிற்றில் கட்டி இறக்கிவிடுகிறார்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுகிறார். படிவத்தில் அபாயம்: இயந்திரப் புகை. இடர்: உயிர் போகும், வாய்ப்பும் அதிகம். அடுத்து, தடுக்கும் வழியை எழுதும் நிரலில் பலர் உடனே முகமூடி என்று எழுதிவிடுவார்கள். துணி முகமூடி இந்த வாயுவைத் தடுக்காது! புகையே வராத, நீருக்குள் இறக்கும் மின் பம்ப் கிடைக்குமா என்பதுதான் முதற் கேள்வி. முகமூடி, தலைக்கவசம் எல்லாம் கடைசியில் வரவேண்டியவை.

வேலையை ஆபத்தில்லாமல் எப்படிச் செய்வது என்று சொல்லும் மற்ற ஆவணத்துக்கு "பாதுகாப்பு நடைமுறை" என்ற பெயர் வேண்டாம். பாதுகாப்பு என்றதும் எங்கள் சனத்துக்கு உயர் பாதுகாப்பு வலயமும் சோதனைச்சாவடியும்தான் நினைவுக்கு வரும். "பாதுகாப்பான வேலைமுறை" போதும். அதற்குள் "செய்யப்படுதல் வேண்டும்" என்ற கேள்விப்பத்திரத் (ரெண்டர்) தமிழும் வேண்டாம். "பம்பைக் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம்", "மேலே ஆள் நில்லாமல் இறங்க வேண்டாம்" என்று, வாசித்துக் காட்டினால் உடனே விளங்குகிற மாதிரி இருக்கட்டும்.

கிணறு, தொட்டி போன்ற இடங்களுக்குள் இறங்குமுன் மேற்பார்வையாளர் கையெழுத்திடும் சீட்டுக்கு இன்னும் பெயரில்லை. "வேலை அனுமதி" என்றால் வெளிநாட்டுக்குப் போகும் கடதாசி என்று நினைப்பார்கள். "இறங்கு சீட்டு" சரிவருமா? வவுனியா, மன்னார்ப் பக்க வேலைத்தளங்களில் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.